சஷ்டியன்று குடித்த தண்ணீர்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து புற்றுநோய் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரம் வருகிறவர்களுக்கு, பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே ஒரு பேர் காதில் விழுந்துவிடும். கிருஷ்ணவேணியக்கா. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறாள். விடியற்காலம் இட்லி மாவு அரைத்து வீடுகளுக்குக் கொடுப்பாள். மாவுப் பாத்திரம் காலியானதும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். துணைக்கு ஆளில்லாமல், மலையாளமும் புரியாமல் விழித்துக்கொண்டிருப்பவர் யாரோ, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஆஸ்பத்திரி அவளுக்குப் பழகிப்போனது மகன் சுஜித்தால். பிறந்தபோதே பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. வேறோர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குள்ளேயே ரத்தம் போகிற வழியைத் திருப்பிவிட்டார்கள். மஸ்டர்ட் ஆபரேஷன் என்று அதற்குப் பேர். ஆபரேஷன் நடந்தது ஒரு சஷ்டியன்று. வெளியே பெஞ்சில் இருந்தபடி கிருஷ்ணவேணி வேண்டிக்கொண்டாள்: முருகா, பிள்ளையைத் திருப்பிக் கொடு. என் உயிருள்ள மட்டும் உன் சஷ்டிக்குப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறேன்.

பிள்ளை பிழைத்தான். இப்போது கரமனையில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவளும் ஒரு சஷ்டியைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் மாத்திரையை விழுங்கினாள்.

போன மழைக்காலத்தில் பூதப்பாண்டியிலிருந்து முத்தாரம்மாள் தனியாக வந்து சேர்ந்தாள். மார்பில் ஆபரேஷன் முடிந்து, இனி ஊசி மருந்து ஏற்ற வேண்டும். சிஸ்டர் பத்மஜா மருந்தின் பேரைச் சொன்னாள். சைக்ளோபாஸ்பமைட், மஸ்டர்ட் குடும்பத்து மருந்து. கிருஷ்ணவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எம் மவனுக்குச் செஞ்ச ஆபரேஷன் பேருல்லா அது?"

"அது கண்டுபிடிச்ச டாக்டரோட பேராக்கும் சேச்சி. இது வேற. பண்டு காலத்து யுத்தத்துல ஒரு விஷம் உண்டாக்கினாங்க, கடுகு மாதிரி மணம் வருமாம், அதான் மஸ்டர்ட்னு பேரு. அந்த வகையிலதான் இந்த மருந்தும் பொறந்தது. நல்லா வெள்ளம் குடிச்சு வெளியே தள்ளணும், கேட்டோ. இல்லேன்னா மூத்திரப்பை புண்ணாகி ரத்தம் போகும்."

"கடுகுன்னா தாளிச்சுக் கொட்டிர வேண்டியதுதானே சிஸ்டரு" என்றாள் முத்தாரம்மாள். பத்மஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் ஊசி நல்லபடியாகப் போயிற்று. அடுத்தது சஷ்டியன்று வந்தது. மருந்து ஏற ஆரம்பித்து வெகு நேரமாகியும், காலையில் நிரப்பி வைத்த பாட்டில் அப்படியே இருந்ததைக் கிருஷ்ணவேணி பார்த்தாள்.

"யக்கா, வெள்ளம் குடிக்கல்லியா?"

"இன்னைக்குச் சஷ்டில்லா. பொழுது சாயட்டும்."

"சொகமில்லாதவங்களுக்கு விரதம் கெடையாதுக்கா. முருகன் கோவிச்சுக்கிட மாட்டாரு."

"காய்ச்சல்ல கெடந்தப்போ மாத்திர கூட முழுங்கல்லன்னு பெருமையா சொன்னது யாரு வேணி? ஒனக்கு ஒரு முருகன், எனக்கு ஒரு முருகனா?"

கிருஷ்ணவேணி பாட்டிலை அவள் கைக்கெட்டும்படி நகர்த்தி வைத்தாள். தான் சொன்னது தன் மேலேயே வந்து விழுந்திருந்தது. சற்றுக் கழித்துக் கழிப்பறைக்குப் போய் வந்த முத்தாரம்மாள், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, "லேசா எரியுது" என்று மெல்லச் சொன்னாள். அப்போதும் பாட்டில் பக்கம் திரும்பவில்லை.

கிருஷ்ணவேணி வராந்தாவுக்கு வந்து மகனைப் போனில் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆயாச்சு. என்னம்மா, சஷ்டியும் அதுவுமா சாப்பாட்டு நெனப்பு? கடையில ஆளு நிக்கு, வைக்கட்டா?"

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த பிள்ளையின் முகம் கண்ணுக்குள் நின்றது. பிறகு உள்ளே வந்தாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். முத்தாரம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

முத்தாரம்மாள் பதறி எழுந்து உட்கார்ந்தாள். "என்ன காரியம் செஞ்ச வேணி? ஒம் மவன்..."

"அவனக் காப்பாத்துனவன் இனியும் பாத்துக்கிடுவான். மருந்த அனுப்புனதும் அவன்தானேக்கா. இனி பாவம்னா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. பிடிங்கோ."

முத்தாரம்மாள் டம்ளரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா" என்று ஒரே மூச்சில் குடித்தாள். அதன் பிறகு ஆளுக்கொரு டம்ளராகச் சாயங்காலம் வரை மாறி மாறிக் குடித்தார்கள். இருவரும் கழிப்பறைக்கு நடந்த நடையைப் பார்த்துவிட்டு, "யாருக்காக்கும் ஊசி போட்டது?" என்று கேட்டாள் பத்மஜா. இருட்டுவதற்குள் எரிச்சல் அடங்கியது.

வீட்டில் சுஜித் பாலும் பழமும் எடுத்து வைத்துக் காத்திருந்தான். நடந்ததைத் தலை குனிந்து சொன்னாள்.

"அதுக்காக முருகன் வந்து போட்ட தையலப் பிரிச்சுட்டுப் போயிருவாராம்மா?" என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மகனின் சட்டை மேல், தழும்பு இருக்கிற இடத்தில், உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். என்றும்போலத் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் பாலைக் கையில் எடுத்தாள்.

முத்தாரம்மாளுக்கு அடுத்த ஊசி சஷ்டியில் வரவில்லை. ஆனாலும் அன்று கிருஷ்ணவேணியின் பையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. இன்றைக்கும் அவள் அந்தப் பையோடுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.