வாயடைக்கப் போட்ட பூஜ்யம்

அலுவலகத்தில் அவளுக்குப் பேர் 'சுத்தம்'. லிஃப்டுகளுக்குப் புரோகிராம் எழுதும் கம்பெனி அது. திரையில் ஒரு சிவப்புக் கோடுகூட விழாமல் எழுதுகிறவள் என்று மேனேஜர் வைத்த பேர். கெட்டிக்காரத்தனம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் பயம் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தக் கோடு இருக்கிறதே, பொல்லாதது. ஒரு வரியை முழுசாக அடிக்க விடாது. பாதியிலேயே எழுத்துக்கு அடியில் நெளிந்துகொண்டு வந்து, தப்பு என்று காட்டும். வரியை முடித்தால் தானாக மறைந்துவிடும் என்பதால் மற்றவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. இவளுக்கு மட்டும் அதைக் கண்டால் மேலே ஓர் எழுத்து ஓடாது.

எல்லாம் அப்பா செய்த வேலை. அந்த மனுஷர் கை நீட்டியதில்லை, கத்தியதில்லை. பிள்ளைகள் வாயைத் திறந்தால் போதும், பாதிப் பேச்சிலேயே 'தப்பு' என்பார். என்ன சொல்ல வந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா எதிர்த்துப் பேசித் தப்பித்தாள். சின்னவளான இவள், வாய்க்கு வந்த ஒரு பதிலைப் போட்டு அவர் வாயை அடைக்கக் கற்றுக்கொண்டாள். "சரிப்பா", "தெரியாதுப்பா", "ஒண்ணுமில்லப்பா". அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், பழக்கம் போகவில்லை.

கம்ப்யூட்டரிடமும் அதே கதைதான். ஓர் எண் வரவேண்டிய இடம், அது எவ்வளவு என்று தெரியவில்லை என்றால், காலியாக விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் ஆகாது. ஒரு பூஜ்யத்தைப் போடுவாள். எண் கேட்டது, எண் கிடைத்தது, கம்ப்யூட்டர் கம்மென்று ஆகிவிடும். அப்புறம் நிதானமாக விசாரித்துச் சரியானதை எழுதுவாள். அன்றுவரை எழுதியும் இருக்கிறாள்.

அன்று காலை லிஃப்ட் மெக்கானிக் அவள் மேஜைப் பக்கம் வந்தார்.

"மேடம், நேத்து போன் பண்ணியிருந்தீங்க போல. லீவுல இருந்தேன். என்ன விஷயம்?"

என்ன விஷயம்? ஆளோ பொருளோ நடுவில் இருந்தால் கதவு எத்தனை விநாடி காத்திருக்கணும் என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. பூஜ்யம் போட்டாள். அதோடு மறந்தே போனாள்.

"அந்தப் புரோகிராம் இன்னும் யாருக்கும் போகலையே?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வெளிய போகல. வழக்கம்போல முதல்ல நம்ம பில்டிங் லிஃப்ட்லதான். காலையில மேனேஜர் சொல்லி ஏத்தியாச்சே."

அவள் எழுந்துவிட்டாள். வீட்டுச் சாவியைக் கொடுக்க அக்கா வந்துகொண்டிருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து தேறியவள். லிஃப்டில் ஏறும்போது முதலில் கைத்தடியை உள்ளே ஊன்றுவாள், பிறகு ஒரு கால், மூச்சு வாங்கிக்கொண்டு மறு கால். கதவு காத்திருந்தால்தான் அவளால் ஏற முடியும்.

"மெயினை நிறுத்துங்க, மெயினை நிறுத்துங்க," என்றபடியே படிக்கு ஓடினாள். மெக்கானிக் என்ன ஏது என்று கேட்காமல் சுவிட்ச் அறைக்கு ஓடினார். அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இரண்டு மாடி இறங்குவதற்குள் கீழே 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ அலறினார்கள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் மீதிப் படிகளை இறங்கினாள். ஐயோ, அந்தக் கால் என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் வெளியே நீண்டிருந்தன, முழுசாக. கதவு கைத்தடியைக் கவ்விக்கொண்டு நின்றிருந்தது. அலுமினியத் தடி வளைந்துபோயிருந்தது.

"தடியக் குடுத்துட்டு நான் தப்பிச்சேன்டி," என்றாள் அக்கா. "நீ ஏன் இப்படி நடுங்குற? விழுந்தது நானா, நீயா?"

சத்தம் கேட்டு மேனேஜரும் வந்து சேர்ந்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "சென்சார்ல தூசி இருக்கும். தொடச்சா சரியாயிடும்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார். "புரோகிராம்ல ஒண்ணும் இருக்காதுல்ல? நீ எழுதினதுல ஒரு கோடுகூட இல்லையே."

"ஒண்ணுமில்ல சார்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தடி வளைந்த இடம், சரியாக அக்காவின் முழங்கால் உயரம்.

"தூசி இல்ல சார். கதவு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு எனக்குத் தெரியல. காலியா விட்டா சிவப்புக் கோடு வரும். அதுக்குப் பயந்துக்கிட்டு பூஜ்யம் போட்டேன். மாத்த மறந்துட்டேன். நான்தான் சார்."

ஒவ்வொரு சொல்லுக்கும், இதோ யாராவது குறுக்கே 'தப்பு' என்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் குறுக்கிடவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது அதைவிடப் பயமாக இருந்தது. அக்கா தரையில் இருந்தபடியே அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் தடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சுத்தம்," என்றார்.

பேர் சொல்லிக் கூப்பிட்டாரா, எல்லாம் போச்சு என்று சொன்னாரா, அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் "சார்" என்றாள்.