லைனில் இருக்கிறார் கவுஸ் பாஷா

ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கவுஸ் பாஷா சின்ன வெங்காயம் உரிக்கிறார். செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்கு எதிர்வரிசையில் அவருடைய எஸ்.டி.டி. பூத். விமானக் கம்பெனிக்குப் பேச ஆள் வந்திருப்பது தெரிந்தால் போதும், பின்கட்டிலிருந்து மனைவி ஜஹானாரா ஒரு முறம் வெங்காயத்தை அனுப்பிவிடுவார். வழியும் கண்ணீரைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் சிலர், தங்களுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, அவர் தோளைத் தட்டிக்கொடுத்ததுண்டு.

இந்த 1994-இலும் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. மூன்று நாளைக்கு முன்பே மெட்ராஸ் அலுவலகத்துக்குப் பேசி, வருவதை உறுதி செய்யவேண்டும். இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். லைன் கிடைப்பதே பாடு. கிடைத்தாலும் ஆள் பேசமாட்டார், பாட்டுத்தான் ஓடும். எந்தக் கம்பெனிக்கு எந்தப் பாட்டு என்பது பாஷாவுக்கு மனப்பாடம். சைக்கிள் மிதிக்கும்போது அவற்றை முணுமுணுப்பார். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

இன்று அடி அண்ணாமலை கிராமத்துச் சந்திரகலா நிற்கிறார். குவைத்தில் நர்ஸ். செவ்வாய்க்கிழமை விமானத்தை விட்டால் வேலை போய்விடும். இரண்டு நாளாக வேங்கிக்கால் பூத்தில் முயன்றும் லைன் கிடைக்கவில்லை. சனிக்கிழமையாதலால் ஒரு மணிக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள்.

"பாய், பேசுறீங்களா, பாட்டு கேக்குறீங்களா? என் மச்சானுக்கு ஒரு போன் போடணும்" என்கிறார் பின்னால் நிற்கும் ஆட்டோக்கார பலராமன்.

"உன் மச்சான் எங்கப்பா ஓடிடப் போறான்? இந்தப் பொண்ணு சீட்டு ஓடிடும். கம்முனு நில்லு."

"மணி ஆவுதே பாய். கட் பண்ணிட்டு திரும்பப் போட்டுப் பாக்கலாமா?" என்று சந்திரகலா கேட்கிறார்.

"ஐயோ, வேணாம்மா. பாட்டு ஓடுற வரைக்கும் நமக்கு உசுரு இருக்குதுனு அர்த்தம்."

பாட்டு நிற்கிறது. ஒன்று ஆள் வருவார், இல்லையென்றால் லைன் போகும். பாஷா கையை உயர்த்துகிறார். பலராமன்கூட வாயை மூடிக்கொள்கிறார்.

"ஹலோ... யெஸ் மேடம்!"

டிக்கெட் எண்ணை இரண்டு தரம் படித்துச் சொல்கிறார். "ஓகே ஆயிடுச்சும்மா" என்றதும் சந்திரகலா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர் வெங்காயத்தைத் தொடவேயில்லை.

பலராமன் ரிசீவருக்குக் கை நீட்டுகிறார். பாஷா கொடுக்கவில்லை. "ஒன் மினிட் மேடம், ப்ளீஸ், வெச்சிடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு, பேசும் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் எட்டிக் குரல் கொடுக்கிறார்.

"இதே கம்பெனிக்கு யாராவது இருக்கீங்களா? லைன் கெடச்சிருக்கு!"

டீக்கடை பெஞ்சிலிருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியும்படி, சுருள் வயர் இழுபடும் அளவுக்கு ரிசீவரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார்.