அமாவாசை மாத்திரை

என் நோயின் முதல் அறிகுறி ஒரு மோட்டார் சத்தம். கணவர் இறந்த ஏழாவது மாதம், ஒரு மாலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. எட்டிப் பார்த்தேன், யாருமில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறி அடங்கியது. எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

மலேசியாவில், கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் அவர் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவர். நான் சுங்கை காடுட் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறேன். இருபத்தாறு வருடம் அந்தச் சத்தம் கேட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். அது மறுபடி கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வைத்தியம் பார்த்துவிடுவார்களே!

வேலையிடத்தில் நான் பாதியில் நின்று வெறித்துப் பார்ப்பதாகவும், வாயைச் சப்புக்கொட்டுவதாகவும், சட்டையைக் கிள்ளுவதாகவும் சொன்னார்கள். எனக்கு எதுவும் நினைவில்லை. என்னைக் கேலி செய்கிறார்கள் என்று சண்டைக்குப் போனேன். பிறகு ஒரு காலையில் சமையலறையில் விழுந்து உடம்பெல்லாம் வெட்டியிழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்து, வாயில் கரண்டியைக் கொடுத்தார். வலிப்பு தானாக நின்றது. எனக்கு ஒரு பல் உடைந்ததுதான் மிச்சம். தயவுசெய்து இரும்பும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

சிரம்பானில் நரம்பியல் மருத்துவர், என் மகள் வயதுப் பெண், மின்னலைப் பதிவு (தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பார்ப்பது) எடுத்துவிட்டு விளக்கினார். எனக்கு வந்தது குவிய வலிப்பு (மூளையின் ஓரிடத்தில் தொடங்குவது). நினைவு இருக்கும்போதே கேட்ட சத்தமும் வயிற்று ஏற்றமும் அதன் ஆரம்பம். வெறித்து நின்றது, அது நினைவை மங்கவைத்த நிலை. விழுந்து வெட்டியிழுத்தது, மூளையின் இரு பக்கமும் பரவிய நிலை. குழந்தைகளுக்கு வரும் வெறித்த பார்வை வலிப்பு வேறு. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றைக் கூட்டிவிடலாம். சீனி, உப்பு மாதிரி அடுத்த வீட்டில் வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை இது.

எனக்கு லெவெடிராசெட்டம் (மூளையின் மிகையான மின்தூண்டலை அடக்கும் மருந்து) எழுதினார். காலையும் மாலையும் ஒன்று. முதல் மாதம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன், அதுவும் மருந்தின் குணம்தானாம். பிறகு எல்லாம் நின்றது. மோட்டாரும் நின்றது. மகள் மாலினி நிம்மதியாகத் தூங்கினாள். எனக்கு வீடு வெறிச்சென்று ஆனது.

அப்போதுதான் ஓர் அமாவாசையன்று அதே மோட்டார் சத்தத்தோடு அவர் திரும்பி வந்தார். அடுத்த அமாவாசைக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும். நாள் தெரிந்து வருகிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். காலண்டரில் அடுத்த அமாவாசையைத் தேடுவதே என் வேலையாயிற்று. நான்காவது முறை கொதிக்கும் சோற்றுப் பானையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேனாம். மாலினி அலறிக்கொண்டு வந்து பிடுங்கியபோது உள்ளங்கை வெந்திருந்தது.

"எப்பப்போ வருது ஆன்ட்டி?" என்று கேட்டார் மருத்துவர்.

"அமாவாசைக்கு மட்டும்தான் டாக்டர். அன்னிக்குத்தான் அவரு வராரு."

மருத்துவர் சிரிக்கவில்லை. "அன்னிக்குக் காலையில மருந்து போட்டீங்களா?"

"வெரதம்லா டாக்டர். காக்காய்க்குச் சோறு வைக்காம வாயில ஒன்னும் போடமாட்டேன். அப்புறம் மறந்துரும்."

மாலினி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மாத்திரை உள்ள போகாததாலதான் வருது ஆன்ட்டி. பசி இருந்தா, தூக்கம் கெட்டா இன்னும் சுலபமா வரும். அந்த உறுமல் ஒங்க மூளை போடுற சத்தம். நீங்கதான் அத மோட்டாருன்னு நெனச்சுக்கிட்டீங்க. வெறும் வயித்துல தண்ணியோட போடலாம், ஒன்னும் ஆகாது."

"அப்பா வந்திருந்தா ஒங்க கைய வேக விடுவாராம்மா?" என்றாள் மாலினி.

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. அவர் இறந்த அன்று எல்லோரும் சுற்றி நின்றதால் அடக்கிக்கொண்ட அழுகையை, வீடு திரும்பும் வழியெல்லாம் காரில் அழுதேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது வலிப்போடு ஏதோ ஓர் இனிமையும் சேர்ந்து வரலாம். அதை மருத்துவரிடம் சொல்ல மனம் வராது, எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்.

போன அமாவாசை காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். போடாவிட்டால் வருவார். மாலினி அடுப்படியில் எனக்கு முதுகு காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் தோள் விறைத்திருந்தது. நான் விழுங்கும் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள் என்று புரிந்தது. விழுங்கினேன்.

காக்காய் வந்து தின்றது. நாங்கள் சாப்பிட்டோம். வெயில் இறங்கியது, துணி காய்ந்தது, மாலை வந்தது. முன்பெல்லாம் என் நாளில் அங்கங்கே சில நிமிடங்கள் காணாமல்போகும். இப்போது ஒரு நிமிடமும் விடாமல் முழு நாளும் எனக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு நிமிடத்திலும் அவர் இல்லை.