மெல்போர்னிலிருந்து ஒரு காதுகுத்துக்கு

மெல்போர்னிலிருந்து மதுரைக்குப் பதினோரு மணி நேரம் என்று போனில் போட்டு வைத்திருக்கிற மகராசன் ஒரு தடவை என்கூட வந்து பார்க்கட்டும். காக்கா பறக்கிற கணக்கு அது. நேர் விமானமே கிடையாது என்று அது சொல்லாது. நடுவில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடப்பதையும் சொல்லாது. அதை நம்பித்தான் என் அக்கா புருஷன் முகூர்த்தம் குறித்தார்.

அக்காவின் இரண்டு வயது மகளுக்கு அழகர்கோவிலில் மொட்டை, காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். பிள்ளை பிறந்த அன்றைக்கே, "எங்க இருந்தாலும் வந்துருவேன்க்கா" என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என்றார் மச்சான். வெள்ளி வரை எனக்கு வேலை, திங்கட்கிழமை வையுங்கள் என்று கெஞ்சினேன்.

"திங்கக்கிழமை எங்க ஆபீஸ்ல எவன் மாப்ள லீவு குடுப்பான்? சனிக்கிழமை காலையில ஏறுனா அன்னைக்கே வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடலாம். போன்லயே போட்டிருக்குய்யா!"

டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். ஞாயிறு பதினொன்றுக்குத்தான் மதுரையில் இறங்கும் என்று அதில் தெளிவாக இருந்தது. "அதெல்லாம் கூடக்கொறையப் போடுவாங்க மாப்ள" என்றார். தல்லாகுளத்தில் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் மனுவில் ஒரு தேதி தப்பினாலும் திருப்பி அனுப்புகிற மனுஷர் இவர்.

சிங்கப்பூரில் நாற்காலியிலேயே கிடந்து, மதுரையில் இறங்கி, ரிங் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். "ஏன் மாப்ள இம்புட்டு லேட்டு?" என்று மச்சான் கேட்டாரே பார்க்கலாம்! பெட்டியை அவர் காலில் போட்டிருப்பேன்.

அதற்குள் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு காதில் தோடு. மற்றக் காது வெறுமையாக இருந்தது.

நேரம் தப்பக் கூடாது என்று எங்கள் சித்தி மகன் மடியில் உட்கார வைத்து ஒரு காதைக் குத்திவிட்டார்களாம். ஆசாரி அடுத்த காதைப் பிடித்ததும் அக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டாளாம். "இந்தக் காது எந்தம்பி வந்தாத்தான். நேரம் போனாப் போகட்டும்" என்றாளாம். மூன்று மணி நேரமாக ஆசாரியையும் போகவிடவில்லை.

"உக்காருடா" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். என் கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போனது. பிள்ளையை மடியில் வைத்தாள்.

ஆசாரி இன்னும் ஊசியை எடுக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்ததுமே பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. "மாமாடா, தெனமும் போன்ல பாப்பியே, அந்த மாமாடா" என்று அக்கா கெஞ்சினாள். அது கேட்கவில்லை. சித்தி மகனைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருந்தது.