கப்பல்காரி என்று இனிச் சொல்லாதீர்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபோது, நான் முன்பு கிளார்க்காக இருந்த தேயிலைத் தோட்டத்தின் லொறிச் சாரதி முத்துசாமி என்னைக் கண்டு கிட்ட வந்தான். "ஐயா, சங்கதி தெரியுங்களா? நம்ம கப்பல்காரி போயிருச்சுங்க. டிக்கோயா ஆஸ்பத்திரியில, காலையில" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. "அந்த மனுசிக்குப் பாக்கியம் எண்டு ஒரு பேர் இருக்கு, தெரியுமே?" என்றேன். அவன் விழித்தான். "அட, ஆமாங்க ஐயா. கப்பல்காரி, கப்பல்காரின்னே சொல்லிப் பேரே மறந்து போச்சுங்க" என்றான். பத்து வருடங்களாக அதே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், நாலு கதவு தள்ளிக் குடியிருந்தவன் அவன். அவனை ஏச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்குப் பாக்கியத்தை, கூடையோடு மலைக்குப் போய் வந்த, யாரோடும் அதிகம் பேசாத ஒரு மனுஷியாகத்தான் தெரியும். அதற்கு முன் அவர் பெரிய பங்களாவில் ஆயா. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் ஒரே மகளை எல்லோரும் 'பேபி' என்போம். அந்தப் பிள்ளை பாக்கியத்தின் இடுப்பில்தான் வளர்ந்தது. ஒருநாள் மாலை கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். விஸ்கிக் கிளாசோடு இருந்த துரை பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினார். பாக்கியம் பிள்ளையோடு அப்படியே திரும்பிக்கொண்டார். "தொர, கையக் கழுவிட்டு வாங்க. அந்த நாத்தம் புள்ள மேல படக் கூடாதுங்க" என்றார். குடித்தே செத்த புருஷனுக்குப் பெண்டாட்டியாக இருந்தவர் அவர். அந்த வாடையே அவருக்கு ஆகாது. துரை சிரித்துக்கொண்டு போய்க் கை கழுவினார். எங்கள் தோட்டத்தில் அவரிடம் அப்படிச் சொல்லக்கூடிய வேறு ஒருவர் கிடையாது.

துரை ஆறு மாத லீவில் குடும்பத்தோடு சீமைக்குப் புறப்பட்டார். வேறு யார் ஊட்டினாலும் பேபி சாப்பிடாது. ஆகவே பாக்கியமும் கூடப் போவதாக முடிவாயிற்று. இந்த நாட்டில் பிறந்தும் குடியுரிமை இல்லாத ஒருத்தியைக் கப்பலில் ஏற்றக் காகிதம் வாங்குவது லேசா? துரை கொழும்புக்கு நாலு தரம் போய் வந்தார். பாக்கியம் ஒரு புதுத் தகரப் பெட்டி வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "மூடியில எம் பேர எழுதித் தாங்க ஐயா, கப்பல்ல தொலைஞ்சுறக் கூடாது" என்றார். ஆங்கிலத்தில், வெள்ளைப் பெயின்றில், கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கப்பல் கம்பனியிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் கோப்பில் போட்டவனும் நான்தான். பயணிகள் சொந்த மதுவைக் கொண்டு ஏறக் கூடாது, தேவையானால் கப்பலின் பாரில் வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. துரை அதைப் படித்துவிட்டுக் கப்பல்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அடுத்த நாள் என்னை லொறியில் ஹட்டனுக்கு அனுப்பினார். ஆறு போத்தல் விஸ்கி வாங்கி வந்து பங்களா விறாந்தையில் வைத்தேன். பாக்கியத்தின் பெட்டி அங்கே திறந்து கிடந்தது. பேபியின் பனியன்களில் ஒவ்வொரு போத்தலாகச் சுற்றி, துரை தன் கையாலேயே பாக்கியத்தின் சேலைகளுக்கு அடியில் அடுக்கினார்.

"தொர, இத எதுக்குங்க எம் பொட்டியில வைக்கிறீங்க?" என்றார் பாக்கியம்.

"சும்மா இரி. ஒன் பொட்டி ஒருத்தனும் பாக்காது" என்றார் துரை. பாக்கியம் என் முகத்தைப் பார்த்தார். நான் கோப்பின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அவர்கள் புறப்பட்டுப் போன நாலாம் நாள் பாக்கியம் தனியாகத் திரும்பி வந்தார். நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். கப்பல் தட்டில் சுமைகாரன் பெட்டியைத் தொப்பென்று போட்டிருக்கிறான். உள்ளே ஒரு போத்தல் உடைந்து, விஸ்கி வெளியே வழிந்திருக்கிறது. கப்பல் அதிகாரி மூடியிலிருந்த பெயரை வாசித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். போத்தல்கள் யாருடையவை என்று துரையைக் கேட்டார்.

"அவுங்க பேசுன இங்கிலீசு எனக்கு வெளங்கல ஐயா. தொர என்னையப் பாத்தாரு. பொறவு வெரல நீட்டுனாரு. அது வெளங்குச்சு" என்றார் பாக்கியம். "தொரசானிகிட்ட, அம்மா நீங்களாச்சும் சொல்லுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அவுங்க கடலப் பாத்துக்கிட்டு நின்னாங்க. புள்ளதான் ஆயா ஆயான்னு கத்துச்சு."

பெட்டியோடு அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். துரை சீமைக்குப் போனார், பாரில் குடித்துக்கொண்டே போயிருப்பார். மாற்றுச் சேலை எல்லாம் விஸ்கியில் நனைந்து, கொழும்பிலிருந்து ஹட்டன் வரை ரயிலில் அந்த நாற்றத்தோடு வந்தார் பாக்கியம். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்களாம். கையைக் கழுவிவிட்டு வா என்று துரைக்கே சொன்ன மனுஷிக்கு இந்தக் கதி!

துரையின் இடத்துக்கு வந்த பதில் துரை விசாரித்தார். பாக்கியத்தை அலுவலக வாசலில் நிற்க வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "இந்தப் போத்தல்களைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். என் வேலை, நான் குடியிருந்த குவாட்டர்ஸ், யாழ்ப்பாணத்தில் காத்திருந்த குடும்பம் எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்குள் வந்து போயின. "தெரியாது, சேர்" என்றேன்.

பாக்கியம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஹட்டனில் இருந்து கொண்டு வந்தது இவர்தான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஐயாவுக்குத் தெரியாதாம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

பங்களா வேலை போயிற்று. கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். முதல் நாள் காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிடும்போது, கணக்கப்பிள்ளை, "கப்பல்காரி வந்துருச்சா?" என்றார். குடிக்கப் போத்தலோடு கப்பலேறப் போனவள் என்ற கேலி அது; எல்லோரும் சிரித்தார்கள். "பாக்கியம் வந்திருக்குங்க" என்றார் அவர். மறுநாளும் அதே கேள்வி, அதே சிரிப்பு, அதே பதில். அவர் ஒருநாளும் கப்பல்காரி என்ற பேருக்கு 'நான்தான்' என்று பதில் சொன்னதில்லை.

துரை லீவு முடிந்தும் சீமையிலிருந்து திரும்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் என்னிடம் வந்து, துரைக்குக் கடிதம் எழுதச் சொன்னார். "வேல கேக்கலைங்க. போத்தல் என்னுதில்லன்னு ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்க, போதும்" என்றார். எழுதினேன், எவ்வளவு பணிவாக எழுத முடியுமோ அவ்வளவு பணிவாக. மூன்று மாதம் கழித்து, கிறிஸ்மஸ் சமயத்தில், துரையிடமிருந்து ஒரு நத்தார் வாழ்த்து அட்டையும் பேபியின் படமும் வந்தன. பாக்கியம் அட்டையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "போத்தலப் பத்தி ஒன்னுமே எழுதலைங்களா?" என்றார். இல்லை என்றேன். படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்தார்.

"புள்ள வளந்துருச்சுங்க" என்றார். பிறகு, "ஆயா குடிகாரின்னு நெனச்சுக்கிட்டுத்தானே ஐயா அது வளரும்?" என்றார். அன்றுதான் அவர் அழுததைப் பார்த்தேன். அப்போதும் நான் பதில் துரையிடம் போகவில்லை. போயிருக்கலாம், அலுவலகம் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

புதன்கிழமை சாவு வீட்டுக்குப் போனேன். வாசலில் தப்பு மேளம் அடித்தார்கள். பின்பக்கத்தில் ஆண்கள் சாராயம் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாவிலும் நடப்பதுதான். ஆனால் ஒருவன் கிளாசை உயர்த்தி, "நம்ம கப்பல்காரிக்கு இல்லாததா?" என்றான். சிரித்தார்கள். யாருடைய பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு யாரைப் பார்த்து இந்தப் பேச்சு! என் வாயில் வந்தபடி ஏசினேன். கிளாக்கர் ஐயாவுக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

லயத்துக்குள் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. மூடியில் நான் எழுதிய பெயர் இன்னும் அழியவில்லை. பெட்டி உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்கள். எனக்கு வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வதற்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 'ஐயாவுக்குத் தெரியாதாம்' என்ற அந்த வார்த்தை.

ஆகவே, பாக்கியத்தை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். பெட்டியில் பெயர் எழுதியவன் நான். ஆறு போத்தலையும் கொண்டு வந்தவன் நான். துரை அவற்றைத் தன் கையால் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

எனக்குத் தெரியும், பாக்கியம். அன்றைக்கும் தெரியும்.