மன்னாரில் வேலை தொடங்கினால்

2022 மே மாதத் தேதியோடு என் கைத்தொலைபேசியில் ஒரு படம் இருக்கிறது. சாய்ந்தமருதில், சமையல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது, வெற்றுச் சிலிண்டர்கள் கயிற்றில் கோக்கப்பட்டு வீதியோரம் வரிசையாக நிற்கின்றன. நடுவே, சாரனை மடித்துக் கட்டியபடி என் மச்சான், என் ராத்தாவின், அதாவது அக்காவின், கணவர். கட்டாரில் ஓர் எரிவாயு ஆலையில் குழாய்களுக்கு வெல்டிங் செய்பவர், விடுமுறையில் வந்திருந்தார்.

எங்களுக்குப் பின்னால் நின்ற வயற்காரர், உரம் கிடைக்காமல் முந்திய போகத்து விளைச்சலை இழந்தவர், மச்சானைச் சீண்டினார்.

"கட்டார்ட கேஸெல்லாம் கண்ட மனிசன், இஞ்ச வெறுஞ் சிலிண்டரோட நிக்காரு."

"மன்னார்க் கடல்லயும் கெடக்கு காக்கா. எடுக்கத்தான் இல்ல" என்றார் மச்சான், அவரை அண்ணன் முறை சொல்லி.

"எடுத்தா எங்கட அடுப்புக்கு வருமா?"

"இந்தச் சிலிண்டருக்க வராது, அது வேற கேஸ். கரண்டு எடுக்கலாம். யூரியாவும் செய்யலாம்."

வயற்காரர் அதன்பின் சீண்டவில்லை. காற்றைப் போன்ற ஒன்றிலிருந்து யூரியா எப்படி வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். டீசலையும் நிலக்கரியையும் உரத்தையும் வெளியில் வாங்கும் நாடு, தன் கடலடியில் இருப்பதை எடுத்தால் என்னவாகும் என்ற பேச்சு வரிசை நெடுகப் பரவியது. 2011இல் மன்னாரில் தோண்டிய கிணறுகளில் வாயு கண்டதை நான் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்டார். கடலின் ஆழம், செலவு, முதலீடு செய்ய ஆளில்லாமை என்று வாசித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எனக்கே அது போதவில்லை.

வீட்டில் அப்போது வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ராத்தா அவரை மறுபடி அனுப்ப விரும்பவில்லை. கல்யாண வாழ்க்கையில் பெரும்பகுதி தொலைபேசியிலேயே போய்விட்டது என்பார். மச்சானுக்கும் போக மனமில்லை. ஆனால் அவர் கற்ற வேலைக்கு இங்கே இடமில்லை. விடுமுறை முடிந்ததும் புறப்பட்டார்.

"மன்னார்ல வேல தொடங்கட்டும், வந்திருவன்."

"கடலுக்கடியில கெடக்கிற கேஸ நம்பியா என்னய இருக்கச் சொல்றீங்க?" என்று ராத்தா கேட்டார்.

"ஓம்" என்றார் மச்சான்.

முன்பெல்லாம் செய்தி தொடங்கினால் தொலைக்காட்சியை நிறுத்திவிடும் ராத்தா, இப்போது மன்னார் என்ற சொல் கேட்டாலே என்னை அழைக்கிறார். எந்தக் கடல் வட்டாரத்துக்குக் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோரப் போகிறார்கள் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கடந்த வாரம் மச்சான் கட்டாரிலிருந்து பேசினார். மன்னாருக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம், குழாய் வேலை தெரிந்தவர்களுக்கு முதலிடமாம்; கூட வேலை செய்பவர் சொன்னாராம். மறுநாளே ராத்தா கல்முனை பஸ் நிலையத்துக்குப் போய், மன்னாருக்கு எந்த வழியால் போகலாம், எங்கே பஸ் மாறவேண்டும் என்றெல்லாம் விசாரித்து வந்துவிட்டார். ஆள் எடுக்கும் செய்தியை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.