சலூன்காரரின் வாய்ப்புண்

சலூன்காரருக்குக் கத்தரி நின்றாலும் பேச்சு நிற்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் மாதக்கணக்கில் வெறுமனே தலையாட்டியே முடிவெட்டினார். வாயெல்லாம் புண். ஆறிய பால் இறங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும்.

தொடை நரம்பில் புற்றுநோய். லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். அந்த ஒருவர் இவராகத்தான் இருக்கவேண்டுமா? வெட்டி எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் இடம் கிடைத்தது. உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து, அடுத்து வருகிறவர்களுக்கு அளவைக் கூட்டுவார்கள். எந்தத் தொந்தரவையும் மறைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

மாத்திரையால் வாய் வெந்ததைச் சொன்னால் நிறுத்திவிடுவார்களே! மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் கால்வலி அடங்கி, நின்று வேலை பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மரத்துப்போகச் செய்யும் களிம்பை வாய்க்குள் பூசிக்கொண்டு கிளம்புவார்.

"வாய்ல புண் ஏதாவது இருக்கா?" என்பார் நர்ஸ்.

"புண்ணு இருந்தா இந்தப் பேச்சுப் பேசுவேனாம்மா?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று குறித்துக்கொள்வார். வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொள்வாள். "சொல்லித் தொலைங்களேன்."

"நீ சும்மா இரு. கால் வலிக்கலையே, அதப் பாரு."

ஸ்கேன் வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கட்டி வளர்ந்து, நுரையீரலுக்கும் போயிருந்தது.

"வலியே இல்லையே டாக்டர்?"

"கட்டி அமுக்கி அங்க உணர்ச்சி நரம்பு செத்துப்போச்சுங்க. அதான் வலி தெரியல."

"வேற மருந்து?" என்றாள் மனைவி.

"இல்லம்மா."

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததெல்லாம் வீண்.

டாக்டர் தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். நீங்க நல்லாத் தாங்குனீங்கன்னுதான் அடுத்து வந்த காலேஜ் பொண்ணுக்கு அளவைக் கூட்டினோம். இப்போ வாய் வெந்து, தண்ணி கூட இறங்காம ஐ.சி.யூ.ல கிடக்குது. பிழைக்குமான்னே தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படி ஒண்ணுமே ஆகல?"

சலூன்காரர் வாயைத் திறந்து காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே முழுக்கப் புண்.

"அந்தப் பொண்ண எனக்குத் தெரியும் டாக்டர்," என்றார் சலூன்காரர். "வெளிய பெஞ்சுல பயந்துகிட்டு உக்காந்திருந்துச்சு. இந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போடலாமாண்ணேன்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணுமே பண்ணல, தைரியமாப் போடும்மான்னு நான்தான் சொன்னேன்."